ஆசியக் கோப்பைக்கு முன்பே இருந்த ஒரு கோப்பை

ஆசியக் கோப்பை தொடங்குவதற்கு முன் இந்தியா பக்கத்து நாடுகளோடு ஏதாவது கால்பந்துத் தொடர் ஆடியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடியிருக்கிறது, ஜெயித்தும் இருக்கிறது. கொழும்பு கோப்பை என்ற நாற்கரப் போட்டி அது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்று நான்கே அணிகள். 1952-ல் கொழும்பு, 1953-ல் ரங்கூன், 1954-ல் கல்கத்தா, 1955-ல் டாக்கா என ஆண்டுக்கு ஒரு நாட்டில் நடந்தது. ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஒரு முறை மோதும். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பே 1954-ல்தான் மணிலாவில் உருவானது. முதல் ஆசியக் கோப்பை 1956-ல் ஹாங்காங்கில் நடந்தது. அதற்கெல்லாம் முன்பே இந்த நான்கு நாடுகளும் தாங்களாகவே ஒரு தொடரை நடத்திக்கொண்டிருந்தன என்பது எனக்கு இன்றும் பெருமையான விஷயம்.

1952-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் கோல் இல்லாமல் டிரா செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. இரு நாடுகளும் கால்பந்தில் மோதிய முதல் ஆட்டம் அது. அடுத்த மூன்று முறையும் கோப்பை இந்தியாவுக்கு. பாகிஸ்தானை 1-0, 3-1, 2-1 என்று வென்றோம். அந்த டாக்கா ஆட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரிவினை முடிந்து எட்டே வருடம், வங்காளமே இரண்டாகிக் கிடக்கிறது, கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய் இந்திய அணி ஆடுகிறது! அந்தப் பக்கத்திலிருந்தும் இங்கே வந்தார்கள். பாகிஸ்தான் அணியின் மசூத் ஃபக்ரி அந்தக் காலத்தில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடிய நட்சத்திரம்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாம் நான்காம் இடம் பிடித்ததைப் பேசும்போது பயிற்சியாளர் ரஹீமைச் சொல்கிறோம், நெவில் டிசோசாவின் ஹாட்ரிக்கைச் சொல்கிறோம். இந்தத் தொடரைச் சொல்வதில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபோது நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடு இருந்தார்கள். அங்கிருந்து நான்கே ஆண்டில் ஒலிம்பிக் அரையிறுதி வரை போனதற்கு, ஆண்டுதோறும் கிடைத்த இந்தச் சர்வதேச ஆட்டங்கள் முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அந்த மெல்போர்ன் அணியின் முன்கள ஆட்டக்காரர் பி.கே. பானர்ஜி இந்தியாவுக்காக முதலில் ஆடியது 1955 டாக்காவில், 19 வயதில். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்கும் அதுவே அறிமுகத் தொடர். அவருடைய ராணுவ அணியான மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர், இந்தியாவின் பழமையான கால்பந்துத் தொடரான டுராண்ட் கோப்பையை வென்றதும் அதே 1955-ல்தான்.

1955-க்கு அப்புறம் தொடர் நின்றுபோனது. தெற்காசிய நாடுகளுக்கென்று தனியாக ஒரு கால்பந்துத் தொடர் மறுபடி வர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாகூரில் நடந்த அந்தத் தொடரில் பர்மா இல்லை. இடைப்பட்ட காலத்தில் 1966, 1970 என்று இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் தங்கம் வாங்கிய அணி அது. அந்த பர்மாவோடு ஆண்டுதோறும் மோதும் வாய்ப்பு தொடர்ந்து இருந்திருந்தால் நம் அணிக்கும் இலங்கைக்கும் எவ்வளவு பயன்பட்டிருக்கும்!