இன்சுலின் இரண்டு முறை போட்டுவிட்டோம். நோட்டு வைத்தால் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. சுகர், பிபி இரண்டும் உண்டு. பகலில் ஹோம் நர்ஸ், இரவில் நானும் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். போன வாரம் நர்ஸ் கிளம்பும் முன் போட்ட இன்சுலினை, அது தெரியாமல் மனைவியும் போட்டுவிட்டார். சுகர் 54க்கு இறங்கி அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாராம், நாங்கள் பார்க்கவில்லை. நோட்டு வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: அம்மா தேறியது பெரிய நிம்மதி. நோட்டு கட்டாயம் வையுங்கள், ஆனால் வீட்டுக்கே ஒன்றுதான். இன்சுலின் இருக்கும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, பேனாவை நூலில் கட்டிவிடுங்கள். நோட்டைப் பார்க்காமல் ஊசியை எடுக்கக் கூடாது. போட்ட கையோடு எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் முக்கியமான செய்தி காலை வணக்கங்களுக்கு நடுவே போய்விடும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப அது போதும்.

ஒரு வரி இப்படி இருக்கட்டும்: “இரவு 7.40, சுகர் 168, இன்சுலின் 12 யூனிட், இட்லி மூன்று”, பக்கத்தில் கையெழுத்து. ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில எழுத்து ‘யு’ மட்டும் போட்டால் அவசரத்தில் பூஜ்யம் போலத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும்.

போடாததையும் எழுத வேண்டும்: “சாப்பிடவில்லை, ஊசி போடவில்லை.” வரி காலியாக இருந்தால், போட்டிருப்பார்களா இல்லையா என்று ஊகித்து ஊசி போடாதீர்கள். நர்ஸுக்கு போன் செய்து கேளுங்கள்; சுகரைப் பாருங்கள்; அப்படியும் தெரியாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு முறை போய்விட்டது தெரிந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். சுகர் ஒருமுறை ஏறியதும் தூங்கப் போய்விடக் கூடாது, இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்யும். 70க்குக் கீழே போனால், நினைவோடு இருக்கும்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

நடந்ததற்காக நர்ஸைத் திட்டியிருந்தால், தயவுசெய்து சமாதானம் செய்யுங்கள். பயந்தவர் தவறை நோட்டில் எழுத மாட்டார்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் உங்கள் வீட்டுக்கும் வருகிறார் என்றால் அவர் தரும் மாத்திரைகளையும் இதிலேயே குறியுங்கள். அவர் தரும் பிபி மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயர் இருக்கும்; கடையில் வாங்கியதில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் சேர்த்து விழுங்குபவர்கள் நிறைய பேர்.

அடுத்த முறை மருத்துவரிடம் நோட்டையும் கொண்டுபோங்கள். இரவு டோஸ் இந்த வயதுக்குச் சரிதானா என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.