கேளுங்கள், சொல்கிறோம்: ஷெட்டா, கம்பெனி சர்வீஸா?

கார் சர்வீஸ் பற்றி வந்த கடிதங்கள் நிறைய. பக்கம் ஒன்றுதான் இருக்கிறது என்பதால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என்னுடையது 2018 வேகன் ஆர், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி சர்வீஸில் 11,400 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். தெரு முனை மெக்கானிக் 4,500-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். பாதிக்கும் கீழே சொன்னால் எங்கோ இடிக்கிறதே? (வாசகர், திண்டுக்கல்)

மொத்தத் தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வரிவரியாகப் பாருங்கள். வண்டியோடு வந்த மேனுவலில் எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் போதும் என்று ஓர் அட்டவணை இருக்கும். மாருதிக்குப் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. அந்த அட்டவணையில் இல்லாத இன்ஜின் டிரஸ்ஸிங் (இன்ஜினைப் பளபளப்பாக்கும் பூச்சு), ஏசி வென்ட் கிருமி நீக்கம், உள்ளே வாசனை ஸ்ப்ரே, பாலிஷ் மாதிரி சமாச்சாரங்கள் 11,400-இல் எவ்வளவு இருக்கின்றன என்று கணக்குப் போட்டு அடித்துவிடுங்கள். வித்தியாசம் நன்றாகவே சுருங்கும். மீதி லேபர். ஏசி போட்ட காத்திருப்பு ஹால், காபி மிஷின், அட்வைசர் சம்பளம் எல்லாம் அதில்தான் வருகின்றன. தகரக் கூரை ஷெட்டுக்கு அந்தச் செலவு கிடையாது.

இப்போது 4,500-க்கு வருவோம். அதில் என்ன ஆயில், என்ன கிரேடு, எத்தனை லிட்டர், ஃபில்டர் யாருடையது என்று கேளுங்கள். இந்த மாதிரிச் சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறக்குறைய 3 லிட்டர்தான் பிடிக்கும், சரியான அளவு மேனுவலிலேயே இருக்கும். பேரலில் இருந்து பிடித்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டாம், சீல் உடையாத டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் திக்கா 20டபிள்யூ-40 ஊத்திடலாம் சார், சத்தம் வராது" என்று ஒருவர் சொன்னால், சத்தம் வராதது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் கேட்காதீர்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மெல்லிய ஆயிலுக்காகச் செய்த இன்ஜினில் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் அடிவாங்கும்.

கடைசியாக ஒன்று, இது நமக்கே கசக்கும். நம் ஆட்கள் ஸ்பேர் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள், லேபரில்தான் முந்நூறு, ஐந்நூறு என்று பேரம் பேசுவார்கள். அந்த முந்நூறை மெக்கானிக் ஸ்பேரில் எடுக்காமல் வேறு எங்கே எடுப்பார்? டூப்ளிகேட் ஃபில்டர் உள்ளே வரும் வழி பெரும்பாலும் இதுதான். ஸ்பேருக்குக் கடை பில், லேபருக்கு அவர் கேட்கும் நியாயமான கூலி என்று முதலிலேயே பிரித்துப் பேசுங்கள். கூலியில் கை வைக்காதவரிடம் நல்ல மெக்கானிக் பொய் சொல்ல வேண்டிய தேவை குறைவு.

ஸ்பேர் நானே வாங்கிக் கொடுக்கலாமா? ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று எப்படித் தெரியும்? (வாசகர், அம்பத்தூர்)

தாராளமாக வாங்கலாம். ஆனால் என்ன மாடல், எந்த வருடம், பாகத்தின் நம்பர் என்ன என்பதை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கே வருடத்துக்கு வருடம் பிரேக் பேட் மாறும், தப்பானதை வாங்கி வந்துவிட்டு ஷெட்டில் வண்டியைப் பாதி கழற்றிப் போட்டு நிற்பது கொடுமை. சென்னையில் புதுசுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் கண்ணாடி, டோர் ஹேண்டில், பம்பர் என்று எடுப்பதில் தப்பே இல்லை. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள்.

ஒரிஜினல் என்றாலே கார் கம்பெனி பெயர் போட்ட டப்பாதான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஏரியாவுக்குப் பக்கத்தில், பாடி பகுதியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவை. பாஷ், மாலே போன்றவையும் அப்படித்தான். இவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் கடைக்கு அனுப்பும் பாகம் பெரும்பாலும் விலை குறைவு, தரத்தில் பயப்பட ஒன்றுமில்லை. டப்பாவில் ஹாலோகிராம், எம்ஆர்பி, பாக நம்பர், தயாரித்த மாதம் இருக்கிறதா பாருங்கள், முக்கியமாக ஜிஎஸ்டி பில் கேளுங்கள். டூப்ளிகேட் விற்கிறவர் பில் என்றதும் வேறு பேச்சு பேசுவார். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நீங்களே ஸ்பேர் கொண்டுபோனால் லேபர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். கொடுத்துவிடுங்கள். கூலியில் கை வைக்க வேண்டாம் என்று மேலே சொன்னதேதான்.

வண்டி வாங்கி ஒன்றரை வருடம். வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் மிரட்டுகிறார்கள். உண்மையா? (வாசகர், திருப்பூர்)

பாதி உண்மை. ஸ்பேரையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமும் ரத்து என்று நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியே பார்த்த தப்பான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது நீண்ட கதை.

நடைமுறையில் என் யோசனை வேறு. நாளைக்கு இன்ஜினில் பெரிய செலவு வந்து, "இது வெளி மெக்கானிக் செய்ததால் வந்தது அல்ல" என்று நீங்கள் வாதாடிக்கொண்டு நிற்கப் போகிறீர்களா? வாரண்டி முடியும்வரை சர்வீஸை அங்கேயே விடுங்கள், அட்டவணையில் இருப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். டயர், வீல் அலைன்மென்ட், பஞ்சர் இதற்கெல்லாம் வெளியே போகலாம்.

நான்தான் வண்டி ஓட்டுகிறேன். ஷெட்டுக்குப் போனால் "சாரை வரச் சொல்லுங்கம்மா" என்கிறார்கள். எதையாவது சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. (வாசகி, கும்பகோணம்)

சார் வந்தாலும் என்ன சொல்லப்போகிறார், அவர்தான் அந்தச் சத்தத்தையே கேட்டதில்லையே! "அண்ணே, வண்டி ஓட்டுறது நான்தான், ஒரு ரவுண்டு வாங்க" என்று சொல்லி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது நூறு மடங்கு மேல், ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சொல்லும்போது "லிங்க் ராட் போயிருக்கும்போல" என்று பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், அதை மாற்றி பில் போட்டுவிடுவார்கள், சத்தம் அப்படியே இருக்கும். எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் டக் டக் என்றால் சஸ்பென்ஷனில் இருக்கும் புஷ், லிங்க் ராட் பக்கம் மெக்கானிக் தேடுவார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கட கட என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா, கிளட்சை மிதித்ததும் சத்தம் நிற்கிறதா, ஏசி போட்டால் மட்டும் வருகிறதா, இந்த மாதிரி. செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டுக்குப் போனதும் வராமல் போவதுதான் அந்தச் சத்தத்தின் வழக்கம்.

கூடுதலாக எதை மாற்றுவதாக இருந்தாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டு, போட்டோ அனுப்பிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை இப்படிக் கறாராக இருந்தால் மூன்றாம் தடவை "சார் எங்கே" என்ற கேள்வி வராது. அதற்குப் பிறகும் வந்தால், ஷெட்டை மாற்றுங்கள்.

எந்த வேலையை வெளியில் கொடுக்கவே கூடாது? (வாசகர், சேலம்)

ஏர்பேக், ஹைபிரிட் மற்றும் எலக்ட்ரிக் வண்டிகளின் ஹை வோல்டேஜ் பகுதி, இவற்றை அதற்கென்று பயிற்சி பெற்றவர் தவிர யாரும் தொடக் கூடாது. ஏஎம்டி, சிவிடி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஸ்கேனரும் அந்த கியர்பாக்ஸில் வேலை பார்த்த அனுபவமும் உள்ளவர் வேண்டும். பிஎஸ்-6 புகை விதிப்படி செய்த டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருந்தால், அதற்குரிய குறைந்த சாம்பல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கண்ட ஆயிலை ஊற்றினால் ஃபில்டர் நாளடைவில் அடைத்துக்கொள்ளும், அது மாற்றுவதற்கு மலிவான பாகம் அல்ல.

ரீகால், அதாவது கோளாறுக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது என்றால் யோசிக்கவே வேண்டாம், நேரே கம்பெனிதான், அந்தக் கோளாறைச் சரிசெய்யக் காசு கிடையாது. 2020 ஜூலையில் ஃப்யூவல் பம்ப் கோளாறு இருக்கலாம் என்று 1,34,885 வேகன் ஆர், பலேனோ வண்டிகளை மாருதி திரும்ப அழைத்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இந்தத் தகவலே போய்ச் சேராமல் இருக்கலாம். கம்பெனி வெப்சைட்டில் சேசிஸ் நம்பரைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

விபத்தில் அடிபட்ட வண்டியை உங்களுக்குத் தெரிந்த ஷெட்டிலேயே வேலை பார்த்து இன்சூரன்ஸும் வாங்கலாம், அது கேஷ்லெஸ் பட்டியலில் இல்லாவிட்டால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவிடாதீர்கள்.