தலைகீழ் தோள்மூட்டு: கை உயரும், முதுகுப்பக்கம் போகுமா?

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது. வலது தோளின் தசைநாண்கள் கிழிந்து, மூட்டும் தேய்ந்துவிட்டது. பந்தும் கிண்ணமும் இடம் மாறிய 'ரிவர்ஸ்' வகைச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இயற்கை அமைப்பை ஏன் மாற்ற வேண்டும்? அம்மாவால் தலை பின்னிக்கொள்ள முடியுமா? மூட்டு நழுவிவிடாதா?
— வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: இயற்கையான தோளில், மேற்கை எலும்பின் பெரிய உருண்டையை ஆழமில்லாத சிறு குழியில் நிறுத்தி வைப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளே. அவை கிழிந்த தோளில் இயற்கை வடிவத்தை ஒத்த செயற்கை மூட்டைப் பொருத்தினால், கையைத் தூக்கும்போதெல்லாம் உருண்டை மேலே ஏறிக் கிண்ணத்தின் மேல் விளிம்பை அழுத்தி, நாளடைவில் கிண்ணத்தையே ஆட்டங்காணச் செய்துவிடும்.

பந்தைத் தோள்பட்டை எலும்பில் பொருத்தும் யோசனை 1970களிலேயே இருந்தது. ஆனால் சுழலும் மையம் எலும்பை விட்டு வெளியே தள்ளி நின்றதால், நெம்புவிசை தாங்காமல் பல மூட்டுகள் கழன்றுபோயின. பிரான்சின் டிஜோன் நகர மருத்துவர் பால் கிராமோன் 1985இல் உருவாக்கிய வடிவம் அந்த மையத்தை உள்நோக்கியும் கீழ்நோக்கியும் நகர்த்தியது. மையம் உள்ளே போனதால், தோளை மேலிருந்து மூடியிருக்கும் டெல்டாய்ட் தசைக்கு நெம்புகோல் பலம் கூடியது. கை சற்றே கீழிறங்கியதால் அத்தசை இழுபட்டு விறைத்தது. கை உயர்வதும் மூட்டு நழுவாதிருப்பதும் பெரிதும் இந்த இழுவிசையை நம்பியே இருக்கின்றன.

இதற்கு விலையும் உண்டு. கிராமோன் வடிவத்தில், மேற்கை எலும்பில் பொருத்தப்படும் கிண்ணம் அந்த எலும்பின் தண்டோடு அமையும் சாய்வு 155 பாகை. கையைத் தொங்கவிடும்போது கிண்ணத்தின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதியில் உரசி அரித்துவிடுவதுண்டு; மிஞ்சியிருக்கும் பின்புறத் தசைகளும் தொய்ந்து, கையை வெளிப்புறம் திருப்பும் திறன் குறைகிறது. ஆகவே பிற்கால வடிவங்கள் சாய்வை 145 அல்லது 135 பாகையாகக் குறைத்து, பந்தைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைக்கின்றன. வெளியே தள்ளுவது அளவு மீறினால், பந்தைத் தோள்பட்டை எலும்பில் பிடித்திருக்கும் அடித்தட்டின் திருகுகளில் சுமை ஏறும். பெரிய பந்து எளிதில் நழுவாது. ஆனால் சிறிய உடல்வாகு உள்ளவருக்கு அதைத் திணித்தால் தோள் இறுகிப்போகும். கிண்ணத்தை ஆழமாக்கினாலும் பிடிப்பு கூடும், அசைவு குறையும்.

தலை பின்ன, கை உயர்ந்தால் மட்டும் போதாது. வெளிப்புறமாகத் திரும்பவும் வேண்டும். அது பின்புறத்திலுள்ள டெரெஸ் மைனர் தசையின் நிலையைப் பெரிதும் பொறுத்தது என்பதால், மூட்டு எந்தக் கம்பெனியுடையது என்று விசாரிப்பதைவிட, எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தத் தசை எப்படி இருக்கிறது என்று கேட்பதே உருப்படியான கேள்வி. முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோய்க் கொக்கி மாட்டுவது பலருக்குத் தாமதமாகவே கைகூடும். சிலருக்குக் கூடாமலும் போகும்.

நழுவும் ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம். முழங்கை உடலுக்குப் பின்னால் போன நிலையில் கையை ஊன்றுவதே அதற்கு வழிவிடுகிறது. நாற்காலியின் கைப்பிடியை வலது கையால் அழுத்தி எழுந்திருக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், அறுவைக்கு முன்பே இடது கையை ஊன்றி எழப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.