ஜூனியருக்குக் கணினி சொல்லிக் கொடுக்கும்போது மவுஸைத் தொடாதீர்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் இரண்டாம் வருடம் படிக்கும் ஹட்டன் தங்கச்சி ஒருவர் எழுதியிருந்தார். முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கணினி உதவி செய்யும் பொறுப்பு இவருக்கு. பலர் தோட்டப் பாடசாலையிலிருந்து போனோடு மட்டும் வந்தவர்கள், "விளங்குது அக்கா" என்கிறார்கள், அடுத்த வாரம் அதையே கேட்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

தங்கச்சி, முதலில் உங்கள் கையை மவுஸிலிருந்து எடுங்கள். நீங்கள் சட்டென்று செய்து காட்டினால் வேலை முடியும், ஆனால் அந்தப் பிள்ளையின் விரலுக்கு எதுவும் பழகாது. கணினி அவர் முன்னால் இருக்கட்டும், நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. "விளங்கிச்சா?" என்று கேட்கவே வேண்டாம், பதில் எப்போதும் ஆமாம்தான். "இப்ப எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று சொல்லுங்கள்.

அப்புறம், வேர்ட், எக்செல் என்று பாடத்திட்டம் போடாதீர்கள். இந்த வாரம் கொடுக்க வேண்டிய ஒப்படை எதுவோ அதை வைத்தே உட்காருங்கள். அதிலேயே எல்லாம் வந்துவிடும்: கோப்புக்குப் பெயர் வைப்பது, எங்கே சேமித்தோம் என்று தேடிப் பிடிப்பது, பீடிஎஃப் ஆக்கி மூடிலில் (ஒப்படைகளைக் கொடுக்கும் பல்கலைக்கழக இணையத்தளத்தில்) ஏற்றுவது. போனில் எல்லாமே தானாகச் சேமிக்கப்படுவதால் போல்டர் என்ற விஷயமே பலருக்குப் புதிது, அதற்கு நேரம் கொடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். நம் நாட்டில் இன்னும் நிறையப் பேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஒப்படையைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கான குறியீடு, மேலே தமிழ் உருவம் மட்டும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு உள்ள யுனிகோடு முறைக்கு இப்போதே மாறச் சொல்லுங்கள். ஏற்கனவே அடித்ததை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்து லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காத பிள்ளைகள் விடுமுறைக்குப் போகுமுன் வாசிக்க வேண்டியதைக் கெம்பஸ் வைஃபையில் இறக்கிக்கொள்ளட்டும்.

பாஸ்வேர்டை மட்டும் யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள், அவர்களாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூடில் கணக்கு திறக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்வது உங்கள் வேலையில்லை, கணினிப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே அவரே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.