வெள்ளி இலைச் செடிகள்: வாசகர் கேள்விகள்

டஸ்டி மில்லர் என்ற வெள்ளி இலைச் செடியின் நாற்று ஆறு வாங்கி மாடித் தொட்டிகளில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் தண்டு அடியில் கறுத்துச் செத்துவிட்டன. வேலூர் வெயில்தான் காரணமா?
- வாசகி, காட்பாடி

வெயில் இல்லை, தினமும் ஊற்றிய தண்ணீர். அந்த வெள்ளி நிறம் இலைமேல் அடர்ந்திருக்கும் நுண்மயிர். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, இலையின் ஈரம் போகாமல் காப்பது அதன் வேலை. மத்தியதரைக் கடலோரம் இதன் சொந்த ஊர்; அங்கே கோடை காய்ந்தே இருக்கும். இங்கே வெப்பமும் ஈரமும் ஒன்றாக வருகின்றன. வேர் அழுகுவது அதனால்தான்.

செம்மண் 2 பங்கு, கொரகொரப்பான மணல் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். எம்-சாண்ட் என்றால் தூள் போக அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் சிமென்ட் போல இறுகும். 8 அங்குல மண் தொட்டிக்கு ஒரு செடி. அடியில் தட்டு வேண்டாம். நாற்றின் வேரைச் சுற்றியுள்ள தென்னை நார்க்கழிவை மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள். வெளிமண் காய்ந்தாலும் அது மட்டும் நனைந்தே கிடக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், இலை நனையாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

மழை ஓய்ந்து மார்கழியில் நட்டால் பங்குனி வரை அழகாக நிற்கும். அக்னி நட்சத்திரத்தைத் தாண்டுவது கடினம். நம் ஊருக்கு இது பருவச் செடிதான். அப்படி எண்ணியே வாங்குங்கள்.

வீட்டு முன் பாத்தியில் ஆண்டு முழுவதும் வெள்ளியாக நிற்க எதை வைக்கலாம்? எங்களுடையது களிமண்.
- வாசகர், குடியாத்தம்

லூக்கோஃபில்லம். டெக்சாஸ், வட மெக்சிகோவின் வறண்ட நிலத்துப் புதர். சுண்ணாம்பு மண்ணும் உப்பு கலந்த போர் தண்ணீரும் இதற்குப் பெரிய தொல்லையில்லை. காற்றில் ஈரம் ஏறும்போது ஊதாப் பூ விடும். களிமண்ணில் குழி தோண்டி மணல் நிரப்பாதீர்கள், மழைத் தண்ணீர் அதில் கிணறு போலத் தேங்கும். பாத்தியையே முக்கால் அடி உயர்த்தி, 3 அடி இடைவெளியில் நடுங்கள். பூத்து முடிந்ததும் நுனியை மட்டும் கிள்ளுங்கள்.

ஓரத்துக்கு நம் சிறுபீளையையும் வைத்துப் பாருங்கள். கொங்குப் பக்கம் பொங்கல் காப்புக்கட்டில் சேர்க்கும் அதே செடி. அந்த வெண்பூக் கதிர்களுக்காகவே வளர்க்கலாம், காசும் செலவில்லை.

என் செடியில் வெள்ளி மங்கிப் பச்சை தெரிகிறது. மாவுப்பூச்சியும் இருக்கிறது. வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?
- வாசகி, ஆரணி

வேண்டாம். எண்ணெய் மயிரை இலையோடு ஒட்டவைத்துவிடும். பட்ட இடமெல்லாம் கறையாகத் தெரியும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பூச்சியை மட்டும் தொட்டு எடுங்கள். வெள்ளை இலையில் வெள்ளைப் பூச்சி கண்ணில் படாது. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள்; ஏறினால் பூச்சி இருக்கலாம். நிறம் மங்குவது நிழலாலும் யூரியாவாலும். தினம் ஆறு மணி நேர வெயிலில் வைத்து, யூரியாவை நிறுத்துங்கள். பழைய இலை மாறாது, புதுத் துளிர் வெள்ளியாக வரும்.