ஃபொன் டெர் டான் அணி மாறியவரா?

கேள்வி: நான் இளங்கலை வரலாறு படிக்கிறேன். பவேரியத் தளபதி லுட்விக் ஃபொன் டெர் டான் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். 1866இல் பிரஷ்யாவை எதிர்த்தவர், 1870இல் பிரஷ்யாவோடு சேர்ந்து பிரான்சை எதிர்க்கிறார். அணி மாறிவிட்டார் என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம், அது அவருக்கு அநியாயம். அப்போது பவேரியாவும் பிரஷ்யாவும் தனித்தனி ஜெர்மன் அரசுகள். இரண்டு போரிலும் அவர் பவேரிய மன்னரின் அதிகாரிதான். 1866இல் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று தோற்ற பவேரியா, ஆகஸ்ட் 22 அன்று பிரஷ்யாவோடு சமாதானம் செய்துகொண்டது. கூடவே ரகசியமாக இன்னொரு உடன்படிக்கை: போர் வந்தால் பவேரியப் படை பிரஷ்ய மன்னரின் தலைமையை ஏற்கும். 1870 ஜூலையில் பிரான்ஸ் போர் அறிவித்ததும் அது நடைமுறைக்கு வந்தது. இந்த உடன்படிக்கையைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையை விளக்கவே முடியாது.

அடுத்து, ஒவ்வொரு போரிலும் அவர் என்ன பதவியில் இருந்தார் என்று பாருங்கள். 1866இல் அவர் தலைமைத் தளபதி இல்லை. அந்தப் பொறுப்பு எழுபது வயதைத் தாண்டிய இளவரசர் கார்லுடையது. டான் அவருடைய படைத் தலைமை அலுவலர், அதாவது திட்டம் வகுத்து ஆணைகளைத் தயாரிப்பவர். லாங்கென்சால்சாவில் கூட்டாளியான ஹனோவரின் படை சரணடையும்வரை பவேரியர்கள் போய்ச் சேரவில்லை. ஜூலை 10இல் கிஸ்ஸிங்கெனிலும் தோல்வி. பத்திரிகைகள் டானைக் கடுமையாகச் சாடின. அவருக்கும் பொறுப்பு உண்டுதான். ஆனால் படையே போருக்குத் தயாராக இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மன்னரின் நம்பிக்கை மட்டும் குறையவில்லை. 1869இல் முதலாம் பவேரியப் படைப்பிரிவு அவர் கைக்கு வந்தது. அவரை எடைபோட 1870தான் சரியான ஆண்டு. செடான் போரின்போது பாசேய் கிராமத்தில் அவருடைய வீரர்கள் வீடு வீடாகச் சண்டையிட்டார்கள். கிராமம் எரிந்தது, பொதுமக்களும் மாண்டார்கள். புகழுரையாக எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள். அக்டோபர் 11இல் ஓர்லியான் நகரைப் பிடித்தார். நவம்பர் 9இல் கூல்மியேயில் சுமார் 20,000 பேரோடு, மூன்று மடங்குக்கும் பெரிய பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டு தோற்றார். ஆனால் படை சிதறாமல் பின்வாங்கியது, டிசம்பரில் ஓர்லியானை மீட்ட படைகளில் அதுவும் இருந்தது. என் கணிப்பில் அவருடைய திறமை தெரிவது வெற்றிகளைவிட இந்தப் பின்வாங்கலில்தான்.

இளமைக்காலத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். பிறந்தது டார்ம்ஸ்டாட்டில், 1815 ஜூன் 18, வாட்டர்லூ போர் நடந்த அதே நாள். அந்தப் போரில் வென்ற தளபதி ஆர்தர் வெலிங்டனின் நினைவாக ஆர்தர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1833இல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1848இல் டேனியருக்கு எதிராக ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் தன்னார்வப் படை ஒன்றை நடத்திப் பெயர் வாங்கினார். அப்புறம் பவேரியப் பணிக்கே திரும்பினார். 1881இல் மெரானில் இறந்தார்.

இணையத்தில் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் 1909இல் கடலில் இறக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல்தான் முதலில் வரக்கூடும். அது இவர் நினைவாகப் பெயரிடப்பட்டது. லுட்விக் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.