பாடத் தெரிவு: பெற்றோரும் மாணவரும் கேட்ட மூன்று கேள்விகள்

தரம் 9 மாணவர்கள், தரம் 11 முடிவில் தோற்றும் சாதாரண தரப் பரீட்சைக்கான பாடங்களைத் தெரிவு செய்யும் காலம் இது. ஆதலால் இவ்விடயம் குறித்து வந்த கடிதங்களிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பதிலளிக்கின்றேன்.

கேள்வி: எனது மகள் தரம் 9இல் கற்கிறாள். அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவுப் படிவத்தைப் பாடசாலையில் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குச் சித்திரத்தில் மிகுந்த ஈடுபாடு. என் கணவரின் அண்ணா, கணக்கீடும் தகவல் தொழினுட்பமும் எடுக்காத பிள்ளைக்கு இனி எதிர்காலம் இல்லை என்கிறார். அவளை வைத்தியராக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் நீண்டநாள் விருப்பம். இப்போது பிழையாகத் தெரிவு செய்துவிட்டால் பிறகு திருத்த முடியாதே என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்பின் சகோதரி, உங்கள் வீட்டில் நடக்கும் வாதத்தின் பெரும்பகுதி, படிவத்தை ஒருமுறை நிதானமாக வாசித்தாலே தீர்ந்துவிடக்கூடியது. சாதாரண தரத்தில் மாணவர் ஒருவர் தோற்றும் 9 பாடங்களில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயமானவை. எஞ்சிய மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்ய வேண்டும். வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், குடியியற் கல்வி, இரண்டாம் மொழியான சிங்களம் போன்றவை முதலாம் தொகுதியில் உள்ளன. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம் ஆகியன இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியல், விவசாயம், வடிவமைப்புத் தொழினுட்பப் பாடங்கள் என்பன மூன்றாம் தொகுதியில் வருகின்றன. ஆகவே சித்திரமும் கணக்கீடும் தகவல் தொழினுட்பமும் ஒன்றுக்கொன்று போட்டியான பாடங்களே அல்ல; உங்கள் மகள் விரும்பினால், பாடசாலையில் ஆசிரியர்களும் இருந்தால், மூன்றையும் சேர்த்தே கற்கலாம். உண்மையில் தீர்மானிக்க வேண்டியது, முதலாம் தொகுதியில் கணக்கீட்டை எடுப்பதா, வேறொன்றை எடுப்பதா என்பது மட்டுமே.

அந்த ஒன்றிலும் பெரியப்பாவின் அச்சம் தேவையற்றது. தரம் 12, 13 ஆகிய உயர்தரத்தில் வணிகப் பிரிவுக்குச் சென்று கணக்கீட்டை அங்கேயே முதன்முறையாகத் தொடங்கி நன்றாகச் சித்தியடையும் மாணவர்கள் உள்ளனர். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கோ அது எவ்வகையிலும் நிபந்தனையன்று. கொழும்பில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டாம் மொழிச் சிங்களத்தை நான் பெரிதும் பரிந்துரைப்பேன். அரச சேவையில் சேர்பவர்கள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, வைத்தியராக வந்தாலும் சட்டத்தரணியாக வந்தாலும் தன்னிடம் வருபவரின் மொழியில் எழுதவும் பேசவும் முடிந்தவருக்கு இந்நகரத்தில் உள்ள மதிப்பு வேறு. வீதியில் பேசிப் பழகிய சிங்களம் ஓர் உத்தியோகக் கடிதம் எழுதப் போதாது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் பாதையைப் பெரிதும் தீர்மானிப்பவை படிவத்தில் நிரப்பும் மூன்று பாடங்கள் அல்ல. தெரிவுக்கே இடமில்லாத அந்த ஆறும்தான். உயர்தரத்துக்குச் செல்ல, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் (சாதாரண சித்திக்கு மேலான C தரம்) வேண்டும். உயிரியல் அல்லது கணிதப் பிரிவில் சேர்த்துக்கொள்ளும்போது, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேற்றைப் பாடசாலைகள் எதிர்பார்க்கின்றன. தரம் 9இல் பின்னங்களிலும் அட்சரகணிதத்திலும் தடுமாறும் பிள்ளையின் பெற்றோர், தொகுதிப் பாடங்களைப் பற்றி உறவினரிடம் கருத்துக் கேட்பதில் மாதக்கணக்கைச் செலவிடுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கணித ஆசிரியரைச் சந்தித்து, எந்த அலகில் பிள்ளை பின்தங்கியுள்ளது என்று கேட்டறிந்திருந்தால் எவ்வளவோ பயன் கிடைத்திருக்கும்.

மருத்துவம் பற்றி ஒரு சொல். உங்கள் கடிதத்தில் அது குடும்பத்தின் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளின் விருப்பம் என்ன என்று எழுதவில்லை. மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் வேண்டும். அனுமதி, வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாகச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதமானவை பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் உயர்ந்த வரிசையிலேயே இருப்பதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பலரும் மிகச் சிறிய வித்தியாசத்தில் மருத்துவ பீடத்தைத் தவறவிடுகிறார்கள். அதனால் அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்று எண்ணுவது பெரும் அநீதி. அதே உயிரியல் பிரிவிலிருந்து பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல், விவசாயம் என்று பல பட்டப்படிப்புகளுக்குச் செல்லலாம். சித்த மருத்துவத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் கற்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலை வாங்கி, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதை மகளையே வாசிக்கச் செய்யுங்கள். நீங்கள் அருகிலிருந்து அவள் எந்தப் பக்கத்தில் நின்று மீண்டும் வாசிக்கிறாள் என்று கவனித்தால் போதும்.

சித்திரத்தை அவளிடமிருந்து பறிக்காதீர்கள். அழகியற் பாடங்களைச் சாதாரண தரத்தில் விட்டுவிட்டுப் பின்னர் உயர்தரத்தில் தொடங்குவதுதான் கடினம். கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு, வரைகலை ஆகியவற்றை நாடும் பிள்ளைக்குக் கைப்பழக்கம் சிறு வயதிலேயே வர வேண்டும்.

கேள்வி: எனது மகன் தரம் 9. புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது என்பான். ஆனால் வீட்டில் பழுதான மின்விசிறியைக் கழற்றித் தானே திருத்திவிடுவான். கணிதத்தில் 30 புள்ளி எடுப்பதே பெரும்பாடு. தொழினுட்பப் பிரிவில் சேர்த்தால் பொறியியலாளராகலாம் என்று ஒருவர் சொன்னார். சொந்தக்காரரோ, தொழிற்பயிற்சிக்கு அனுப்பினால் குடும்ப மானம் போய்விடும் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, தொழினுட்பப் பிரிவும் தொழிற்கல்விப் பிரிவும் இருவேறு பாதைகள். உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டார் என்று நினைக்கிறேன்.

தொழினுட்பப் பிரிவு 2013இல் உயர்தரத்தில் அறிமுகமானது. அதில் தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் கட்டாயம். அதனுடன் பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்பவற்றுள் ஒன்றையும் வேறொரு பாடத்தையும் கற்க வேண்டும். இது மற்றப் பிரிவுகளைப் போன்றதே: சாதாரண தரத்தில் கணிதம் உட்பட உரிய சித்திகள் வேண்டும், இறுதியில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளியும் வேண்டும். இதன்வழி கிடைப்பது பொறியியல் தொழினுட்பப் பட்டம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைக் கற்றுப் பொறியியல் பீடத்தில் பெறும் பட்டமும் இதுவும் ஒன்றல்ல. தொழில்சார் அங்கீகாரமும் வேறு. நல்ல படிப்புத்தான், நல்ல வேலைகளும் உண்டு. ஆனால் பெயரை மட்டும் கேட்டுச் சேர்ந்துவிட்டு, பட்டம் பெறும் வேளையில் இந்த வேறுபாட்டை அறிந்து மனமுடையும் நிலை உங்கள் மகனுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை இத்தனை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

தொழிற்கல்விப் பிரிவு, 13 ஆண்டுகள் உறுதிப்படுத்தப்பட்ட கல்வி என்ற திட்டத்தின் கீழ் 2017இல் தொடங்கியது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவர், சித்தியடைந்தாலும் அடையாவிட்டாலும், இதில் தரம் 12, 13 கற்கலாம். முடிவில் தேசிய தொழிற்தகைமை (NVQ) என்ற சான்றிதழ் முறையின் 4ஆம் மட்டத்தை அடைய முடியும். எல்லாப் பாடசாலைகளிலும் இது இல்லை. எந்தப் பாடசாலையில் எந்தத் துறை, எந்த மொழியில் கற்பிக்கப்படுகிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பாடசாலைக்கு வெளியே மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், மொரட்டுவையில் உள்ள இலங்கை – ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் ஆகியன உள்ளன. மொரட்டுவை நிறுவகத்தில் மோட்டார் வாகனத் துறைப் பயிற்சிக்கு இடம் கிடைப்பதே பெருமையாகக் கருதப்படுகிறது. தேசிய தொழிற்தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும் உயர் டிப்ளோமாவுக்கும் உரியவை. 7ஆம் மட்டம் பட்டத்துக்குரியது, அதை இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் கற்கலாம். சொந்தக்காரர்கள் மானம் பற்றிப் பேசும்போது இந்தப் படிநிலையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கைத்திறனில் சிறந்த ஒரு பிள்ளையைத் தனக்குப் பொருந்தாத பிரிவில் இரண்டு ஆண்டுகள் இருத்தி, தான் எதற்கும் உதவாதவன் என்று அவனே நம்பும்படி செய்வதைவிடப் பெரிய மானக்கேடு ஒரு குடும்பத்துக்கு இல்லை.

அதற்காக இப்போதே கணிதத்தைக் கைவிட வேண்டாம். நல்ல பயிற்சி நிறுவகங்கள் பல, சாதாரண தரத்தில் கணிதச் சித்தியைக் கேட்கின்றன. மின்சாரம் படிப்பவனுக்கு அளவீடும் விகிதமும் அன்றாடத் தேவை. விசிறியைத் திருத்தும்போது கம்பிச் சுற்றின் எண்ணிக்கை ஏன் மாறக்கூடாது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து விகிதத்துக்கு வரலாம். மூன்றாம் தொகுதியில் மின் அல்லது இயந்திரத் தொழினுட்பப் பாடம் அவனது பாடசாலையில் இருந்தால் அதையே எடுக்கட்டும். கொழும்பில் தொழிற்பயிற்சிகள் பலவும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகின்றன என்பதால், இவ்விரண்டு ஆண்டுகளில் அம்மொழிகளிலும் அவன் தேற வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் இத்துறையில் பின்வாங்குவதற்குத் திறமைக் குறைவைவிட இந்த மொழித் தடையே காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: நான் தரம் 8இல் படிக்கிறேன். பொறியியலாளராக வர விரும்புகிறேன். எங்கள் பாடசாலையில் தரம் 11 வரை மட்டுமே உள்ளது. இப்போதே வேறு பாடசாலைக்கு மாற வேண்டுமா? இரசாயனவியல் பிடிக்காது, அதற்குப் பதிலாகத் தகவல் தொழினுட்பம் எடுக்கலாமா?
– ஒரு மாணவி, மட்டக்குளி

பதில்: மகள், இந்த வயதில் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. நீர் இப்போதே மாற வேண்டியதில்லை. நம் நாட்டில் 1ஏபி வகைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் உள்ளன. 1சி வகையில் பொதுவாகக் கலையும் வணிகமும் உள்ளன. இரண்டாம் வகைப் பாடசாலைகள் தரம் 11உடன் முடிகின்றன. உமது பாடசாலை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் தமிழ்மொழிமூலக் கணிதப் பிரிவு உள்ள பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது உமக்காகப் பேசப்போவது கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நீர் பெறும் பெறுபேறு. தற்போதைய பாடசாலையில் இவ்விரு பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லை என்றால் மட்டும், பெற்றோருடன் கலந்து முன்னதாகவே மாறுவது பற்றி யோசியும்.

இரண்டாவது கேள்விக்கு விடை சற்றுக் கசப்பானது. இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொழினுட்பத்தை எடுத்தால் கணினி விஞ்ஞானம் போன்ற சில படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். பொறியியல் பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் நீர் இன்னும் இரசாயனவியலைத் தனிப்பாடமாகக் கற்கவே இல்லை. தரம் 10, 11 விஞ்ஞானப் புத்தகங்களில் அதற்குரிய அலகுகள் வரும்போது நல்ல ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுப் படித்துவிட்டு, அது உண்மையில் பிடிக்கவில்லையா என்பதை அதன்பின் தீர்மானியும். அதுவரை விஞ்ஞான ஆசிரியரிடம் அனுமதி பெற்று, பாடசாலை ஆய்வுகூடத்தில் நடக்கும் செய்முறைகளில் முன்வரிசையில் நில்லும்.